கீழ்த்தட்டில் கிடந்தவை

கண்ணை மூடிவிட்டார். வேண்டாம் என்று அர்த்தம். பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாக உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ரப்பர் தவளையை மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன், மறுபடியும் மூடுகிறார், இந்தத் தடவை இமை சுருங்கும்படி அழுத்தமாக, மண்டையில் ஏறாத பிள்ளைக்கு இரண்டாம் முறை சொல்லித்தருகிற வாத்தியார் மாதிரி. வாத்தியார் நானல்லவா, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல், இவர் மின்வாரிய ஆபீசில் இருந்தவர். சரிங்க, தவளை வேண்டாம். தூண்டில் பெட்டிக்குள் போடுகிறேன். ஒட்டங்குளத்துக் கரையில் ஒரு வெள்வேல மரத்து நிழலில் சக்கர நாற்காலியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே இரண்டு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, நான் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டோக்காரர் ரஃபீக்தான் என்னோடு சேர்ந்து இவரைக் கரைமேல் ஏற்றிவிட்டுப் போனார். போன வைகாசியில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர இவர் வெளியே வந்தது இன்றைக்குத்தான். மூன்று நாளாகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற தூண்டில் பையையே இடது கையால் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணி, மாத்திரை, பாத்ரூம், மின்விசிறி என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து கடைசியில் பையை எடுத்து மடியில் வைத்ததும் முகத்தில் பாதி சிரித்தது. பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதியைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, அலுப்பு. இதையும் செய்யவேண்டுமா என்கிற அலுப்பு. செய்கிறேன், இதோ செய்துகொண்டுதான் இருக்கிறேன், அடுத்தது என்ன, இந்தச் சிவப்பு வாய்க்காரன் வேண்டுமா, இழுத்தால் தண்ணீர்மேல் களக் களக்கென்று சத்தம் போடுமே, இது? மூடுகிறார். இது? மூடுகிறார். வெயில் இன்னும் ஏறவில்லை, இருந்தாலும் முதுகு நனைந்துவிட்டது. நேற்று ராத்திரி பெய்த கோடைமழையில் குளம் டீ மாதிரி கலங்கிக் கிடக்கிறது.

அசதி உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில். இவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கிற இடம் அது. தூக்கத்தில்கூட அந்த இடம் தூங்காது. பள்ளிக்கூடம் இருக்கும்போது பகலில் பாப்பாத்தி என்று ஒருத்தி வந்து பார்த்துக்கொள்வாள், இப்போது லீவு, அதனால் பகலும் நான், இரவும் நான். குளிப்பாட்டு, துடை, பவுடர் போடு, சட்டைக்குள் முதலில் வலது கையை விடு, அப்புறம் இடது, பிசியோதெரபிக்காரர் சொன்னபடி விரலை ஒவ்வொன்றாக நீட்டு. பெங்களூரிலிருந்து மகள் கயல் போன் செய்வாள், அப்பா எப்படி இருக்காரு என்பாள், இருக்காரு கண்ணு என்பேன், அதற்கு மேல் அவளுக்கும் கேட்கத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. சொல்லென்று இவரிடம் மிஞ்சியது மூன்றோ நாலோதான். அய்யோ. இந்தா. அப்புறம் ஊட்டி. ஊட்டி, ஊட்டி என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார். நேரம் காலம் கிடையாது. சாப்பிட்ட கையோடுகூடச் சொல்வார். ஊட்டிவிடு என்கிறார் என்று நான் கிண்ணத்தில் ரசஞ்சாதம் பிசைந்து எடுத்துவந்து உட்கார்ந்தால் வாயை இறுக்கிக்கொள்வார், சில நாள் கிண்ணத்தையே தட்டிவிடுவார், சாதம் போர்வையெல்லாம் சிந்தும். டாக்டரிடம் கேட்டேன், சில வார்த்தை அப்படித்தாம்மா சிக்கிக்கும், அதுக்கு அர்த்தமே இருக்கணும்னு இல்ல என்றார். எனக்குக் கோபம் வராது. ஒரு வருஷமாக இவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பார்க்கிறவர்கள் பொறுமைசாலி என்கிறார்கள். கோபம் வருவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். போர்வையை உருவித் துவைக்கப் போடுவேன், வேறு போர்வை விரிப்பேன், அவ்வளவுதான்.

இது என்ன, பெட்டியில் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது. மறந்தே போனேன். மறந்துபோக எப்படி முடிந்தது, இந்தக் கீழ்த்தட்டைப் பற்றி எத்தனை காலைச் சாப்பாட்டின்போது இவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லூர் என்பார், தூண்டிலில் மாட்டுகிற பொய் இரைக்கு அதுதான் பேர். அசல் புழுவைக் குத்தி மாட்டுவது இவருக்குப் பிடிக்காது, பொய்யைக் காட்டி விராலை நம்பவைக்கிறதுதான் விளையாட்டு. தோசையைக் கிள்ளிக்கொண்டே ஆரம்பிப்பார், எல்லாரும் தவளை தவளைன்னு அலையறானுக, தாமரை இலைமேல தவளை குதிக்கிறதப் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கண்ணு தெரியாத தண்ணியில தவள என்ன பண்ணும், எவனாவது யோசிக்கறானா? நான் சட்னி ஊற்றுவேன். விரால் கண்ணால மட்டும் வேட்டையாடறதில்ல, உடம்பாலயும் கேக்கும், கலங்கல்ல அதுக்குத் துடிப்புதான் தெரியணும். நான் மணியைப் பார்ப்பேன், ஒன்பதுக்குப் பிரேயர். கேட்காமல் கேட்டதெல்லாம் எங்கேயோ உட்கார்ந்துதான் இருக்கிறது போல, இதோ கீழ்த்தட்டைத் தொட்டதும் பாடம் வரிசையாக எழுந்துவருகிறது. ஈயக்குண்டில் சேவல் இறகைக் கட்டி இவரே செய்தது, பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும், கத்திரி வெயிலில் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இதுதான் அங்கே போய்க் கூப்பிடும். பழுப்பு நிறத்து ரப்பர் புழு, கனமே வைக்காமல் போட்டால் தாமரைத் தண்டை ஒட்டி மெல்ல மெல்ல இறங்கும், பொறுமை இல்லாதவன் இதைத் தொடக்கூடாது. அப்புறம் இது. ஒரு கம்பி, கம்பியில் ஒரு பித்தளை இலை, வாலில் மூன்று முள். இழுத்தால் இலை சுழலும். ஸ்பின்னர். வண்ணம் இல்லை, கண் வரையவில்லை, எந்தப் பிராணி மாதிரியும் இல்லை. கடையில கடைசிக் கொக்கியில தொங்கும், யாரும் எடுக்கமாட்டான், புது மழைத் தண்ணிக்கு இத மிஞ்ச ஒண்ணு கிடையாது கோதை என்பார். பூங்கோதையில் பாதிதான் கூப்பிடுவார். எடுத்துக் காட்டுகிறேன். கண் திறந்தே இருக்கிறது. இதுவா? திறந்தே இருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ பரீட்சையில் பாஸானது மாதிரி இருக்கிறது, உடனே வெட்கமாகவும் இருக்கிறது.

முடிச்சுப் போட்டேன். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை எச்சில் தொட்டு இறுக்கினேன், அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொண்டு, கம்பைப் பின்னால் சாய்த்து வீசி, விரலை விடவேண்டிய நேரத்தில் விடவேண்டும். விட்டேன், சீக்கிரம் விட்டுவிட்டேன் போல, ஸ்பின்னர் நேரே மேலே போய்க் காலடிச் சேற்றில் விழுந்தது. அய்யோ என்றார். அந்த அய்யோ அவர் சொல்ல நினைத்துச் சொன்ன அய்யோ என்று தோன்றியது. மறுபடி வீசினேன். இந்தத் தடவை ஆகாயத்தாமரைமேல். மறுபடி. இந்தக் குளத்துக்கும் இன்னும் எத்தனையோ குளத்துக்கும் இருபத்தாறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன, என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகள். விடியுமுன்னே பைக் கிளம்புகிற சத்தம். மத்தியானம் வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவார். அடித்ததில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை எடுத்து ஒளித்ததில்லை. என்ன குறை என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், என்னோட பேசமாட்டேங்கறாருங்க என்றா? பேசறாரே, தினமும் காலையில் பேசறாரே என்பார்கள். பேசினார், ஈயக்குண்டைப் பற்றியும் பித்தளை இலையைப் பற்றியும். ஒரு தடவை நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன், கஞ்சி வைத்துக்கொடுத்தார், மாத்திரை வாங்கிவந்தார், குறையே சொல்லமுடியாது, ஆனால் என்ன பண்ணுது கோதை என்று கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நான் பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் காய்ச்சலில்தான் நினைத்தேன், போய்விடலாம் என்று. வழக்கு, பஞ்சாயத்து எதுவும் இல்லாமல், டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம். ஊர்ப்பேரை மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டேன், மலை என்றுதான் நினைத்துக்கொள்வேன், பேரைச் சொன்னால் யாருக்காவது கேட்டுவிடும் என்பது போல. ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போய் அங்கே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டும் வந்தேன். ஸ்டெல்லா என்று ஓய்வுபெற்ற நர்சம்மா வீட்டு மாடி. ஜன்னலைத் திறந்தால் கேரட் வயல், ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி. அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆசையில். டிரான்ஸ்பர் கலந்தாய்வுக்கு முந்தின வாரம் இவர் பாத்ரூமில் விழுந்தார். பேசமாட்டேங்கிறார் என்று விட்டுப்போக இருந்தவள் கையில், பேச்சே போன மனுஷனைத் தூக்கிக் கொடுத்தார்கள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது. இந்த வருஷக் கலந்தாய்வு வியாழக்கிழமை. அந்த மலைப்பள்ளியில் இடம் காலியாகவே இருக்கிறது. போகப்போவதில்லை, எப்படிப் போவது. ஆனால் காலி என்று பட்டியலில் பார்த்துவைத்திருக்கிறேனே, ஏன் பார்த்தேன்?

இப்போது கை பழகிவிட்டது, தாமரைக்கும் கோரைக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் போய் விழுகிறது. மெதுவாகச் சுற்றுகிறேன். கம்பு வழியாக ஒரு நடுக்கம் கைக்கு வருகிறது, அந்தப் பித்தளை இலை கலங்கலுக்குள் சுழல்கிற நடுக்கம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது, எப்படித் திரும்புகிறது என்று விரலுக்குத் தெரிகிறது. இதற்குத்தானா? இத்தனை வருஷம் இந்த நடுக்கத்துக்குத்தானா போனார்? அப்படி ஒன்றும் மோசமில்லையே என்று ஒரு பக்கம் நினைப்பு, எனக்கும் ஒரு நாள் காட்டியிருக்கலாமே என்று இன்னொரு பக்கம். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா? வந்திருக்கமாட்டேன். சட்டென்று நடுக்கம் நின்றது. பாசியில் மாட்டியதோ என்று இழுத்தேன், பாசி என்னைத் திருப்பி இழுத்தது. அம்மாடி. கம்பு வளைந்து ரீல் கிர்ரென்று கத்தியது, கோரைப் பக்கம் தண்ணீர் பிளந்து கறுப்பாகத் தொடை தண்டிக்கு ஒரு முதுகு புரண்டு உள்ளே போனது. விரால். எழுந்து நின்றுவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஏனுங்க, ஏனுங்க, என்ன பண்றது, சுத்தறதா, விடறதா?" திரும்பிப் பார்த்தால் இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார், இடது கை காற்றில் ரீல் சுற்றுகிறது, முகம் முழுக்க ரத்தம் ஏறியிருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீங்க சாஞ்சு உக்காருங்க, நான் பாத்துக்கறேன், சாயுங்க." சாயவில்லை. "ஊட்டி" என்றார். இப்போதா? "இருங்க, இத முடிச்சுட்டு வாழப்பழம் தாரேன்." "ஊட்டி" என்றார், இன்னும் சத்தமாக, கழுத்து நரம்பு புடைக்க. "அட இருங்கங்கறேன்." "நீ" என்றார். ஒரு வருஷமாக அந்த எழுத்து அவர் வாயிலிருந்து வந்ததில்லை. விரால் தலையை உதறுவது கம்பில் தெரிகிறது. "நீ" என்று மறுபடி சொல்லி, இடது கையை எடுத்து என்னைக் காட்டி, அப்புறம் தூரத்தில், மேற்கே, வெயில் மூட்டத்துக்குள் நீலமாகத் தெரிந்த மலைத்தொடரைக் காட்டி, உதட்டைக் குவித்து, பிரசவ வேதனை மாதிரி ஒரு முக்கல் முக்கி, "போ" என்றார். "ஊட்டி. நீ. போ."

கம்பு நேராகிவிட்டது. மீன் போய்விட்டது. நான்தான் கம்பைத் தாழ்த்தினேன் போல. நரம்பு தண்ணீர்மேல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. ஊட்டி. ஊட்டிவிடு இல்லை. ஊட்டி. நான் மனதுக்குள் மலை என்று மூடி வைத்திருந்த ஊரை இந்த மனுஷன் ஒரு வருஷமாக என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒவ்வொரு தடவையும் ரசஞ்சாதத்தைக் கொண்டுபோய் அந்த வாயை அடைத்திருக்கிறேன். யார் சொன்னது? கயலுக்கே தெரியாது. ஸ்டெல்லாம்மா, ஆமாம், என் போனில் சார்ஜ் இல்லாத ஒரு சாயங்காலம் இவர் போனிலிருந்துதான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன், அந்த அம்மா திருப்பி அந்த நம்பருக்கே அடித்திருப்பார், வீடு வெள்ளையடிச்சு வச்சிருக்கு, டீச்சர் எப்ப வர்றாங்க என்று கேட்டிருப்பார். அந்த நாட்களில் ஒரு ராத்திரி இவர் புளி போட்டு இந்தப் பித்தளை இலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது நினைவு வருகிறது, தலையை நிமிர்த்தாமல் கேட்டார், குளிர் உனக்கு ஒத்துக்குமா? எந்தக் குளிரு என்றேன். ஒண்ணுமில்ல என்றார். அவ்வளவுதான். கேட்டிருக்கிறார். என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை அவர் கேட்டிருக்கிறார், நான் எந்தக் குளிரு என்றிருக்கிறேன். அதற்கப்புறம் எத்தனை நாளில் விழுந்தார்? கம்பைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "அப்பவே தெரியுமா?" கண் திறந்தே இருந்தது. "அதனாலதானா? அதனாலதான் இப்படி ஆச்சா? சொல்லுங்க." அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. இடது கையை மெதுவாகத் தூக்கி, இரண்டு விரலை உதட்டில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்து, புகையை ஊதிக் காட்டினார். சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், டாக்டரும் அதைத்தான் சொன்னார். உன் ஊட்டியும் இல்லை ஒன்றும் இல்லை என்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியவில்லை, சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினேன், அதற்குப் பின்னால், எங்கேயோ ரொம்ப ஆழத்திலிருந்து, கோபம் வந்தது.

"போன்னா? இப்ப போன்னா? தெரிஞ்ச அன்னிக்கே ஏன் போறேன்னு கேட்டிருக்கலாமில்ல? பித்தளைய உக்காந்து தேச்சீங்க. ஏன்டி போறே, என்ன குறைன்னு ஒரு வார்த்த, வாயி நல்லா இருந்தப்ப ஒரே ஒரு வார்த்த." நான் கத்துவது குளத்தின் எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வருகிறது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. முன்பெல்லாம் திருப்பிக்கொள்வார், எழுந்து போய்விடுவார், இப்போது சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்திருக்கிறேன், எங்கே போவார். "நான் போயிட்டா உங்கள யாரு தூக்குவா? யாரு குளிப்பாட்டுவா? போன்னு சொல்றதுக்கு ஒரு திராணி வேணும், அது உங்களுக்கு இருக்குதா?" "அக்கா" என்றார். கோபியில் இருக்கிற இவருடைய அக்காவைச் சொல்கிறார், யோசித்து வைத்திருக்கிறார், படுத்துக்கொண்டு ஒரு வருஷம் விட்டத்தைப் பார்த்து இதைத்தான் யோசித்திருக்கிறார். "அக்காவுக்கே முட்டி தேஞ்சு போச்சு, அவங்க உங்களத் தூக்குவாங்களா? கூட ஆள் வெச்சாலும் ராத்திரிக்கு?" பதில் வர நேரமானது. உதடு எதையோ தேடியது, நாக்கு தடவியது, விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை, பிசியோதெரபிக்காரர் எடுத்துக்கொடுங்கள் என்பார், கொடுக்கவில்லை, வரட்டும், இவரே கொண்டுவரட்டும். "நாய்... ஞாயி..." என்றார். "ஞாயித்துக்கெழமையா? ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம நான் மலையிறங்கி வந்து பாத்துட்டுப் போகணுமா?" கண் திறந்திருந்தது. பாதி முகம் சிரித்தது. "வெக்கமா இல்ல உங்களுக்கு? இருபத்தாறு வருஷம் என் ஞாயித்துக்கெழமையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டிட்டு, இப்ப எங்கிட்டயே வந்து ஞாயித்துக்கெழம கேக்கறீங்க." "இந்தா" என்றார் அவர், கோபமாக, கையைத் தட்டி, இந்தா நிறுத்து என்கிற இந்தா, நான் நிறுத்தவில்லை.

மூச்சு வாங்குகிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அந்த இடம் வலிக்கத்தான் செய்கிறது, அது எங்கேயும் போகவில்லை. வியாழக்கிழமை போவேனா என்று எனக்குத் தெரியாது. போனாலும் அக்கா வீடு ஒத்துவருமா, பாப்பாத்தியைக் கோபிக்குக் கூட்டிப்போகமுடியுமா, வாரத்துக்கு ஒரு தடவை மலையிறங்க உடம்பு இடம் கொடுக்குமா, ஒன்றும் தெரியாது, ஒவ்வொன்றையும் இவரிடம்தான் கேட்கவேண்டும், கேட்டால் ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள், சத்தம் கேட்டுத்தான் நின்றிருக்கவேண்டும், கையில் தொரட்டி, தலையில் துண்டு. நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாவம்போலக் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க அம்மிணி, இவருக்குப் பேச்சு வராதுங்களா?" என்றாள். இவர் மறுபடியும் உதட்டைக் குவித்து எதையோ திரட்டிக்கொண்டிருந்தார், எனக்கு எதிராகத்தான், கண்ணிலேயே தெரிந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். "வருமுங்க" என்றேன், "சண்ட போட்டுட்டு இருக்கறம், நீங்க போங்க."